பிரிந்த காதலர்களைக் கூட்டணி சேர்த்து வைக்கும் கதை: அரசியல் நகைச்சுவை நாவல் எழுத ஒரு முழு வழிகாட்டி

எதிரெதிர் கட்சிக் குடும்பத்தில் பிறந்த இரண்டு பேர் காதலித்துப் பிரிந்து, இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி சந்திக்கிறார்கள் என்று சொன்னால், கேட்கிறவர்களுக்குக் கண்ணீர்க் கதைதான் மனதில் ஓடும். எனக்கு அதில் முதலில் தெரிந்தது சிரிப்பு. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்து, புதுச்சேரி முதலியார்பேட்டையில் குடியிருக்கிறவன். ஆல்பேட்டை சோதனைச்சாவடியைக் கடந்து, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, முள்ளோடையில் எல்லையைத் தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் போய் வந்த இத்தனை வருஷத்தில், நேற்று வரை திட்டிக்கொண்டிருந்த இரண்டு கட்சிக்காரர்கள் இன்றைக்கு ஒரே ஜீப்பில் நின்று கும்பிடுவதை ஒவ்வொரு தேர்தலிலும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தோன்றியது: அந்த ஜீப்பில் பழைய காதலர்கள் இரண்டு பேர் நின்றால்?

அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன், இரண்டு வருஷம் ஆனது. இப்போது இதே மாதிரிக் கதையை எழுத நினைக்கிறவர்களுக்கு, நான் போன வழியை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். உதாரணத்துக்கு என் நாவலின் ஆட்களையே எடுத்துக்கொள்கிறேன். அவன் அந்துவான், நெல்லித்தோப்பில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாக மில் தொழிலாளிகள், சிவப்புத் துண்டு. அவள் தமிழரசி, பாகூர்ப் பக்கம், நிலபுலம் உள்ள வீடு, அப்பா கரைவேட்டி.

முதல் படி: சண்டையை முதலில் பிடியுங்கள், காதலை அப்புறம் பார்க்கலாம்

நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். காதலை நன்றாக யோசித்துவிட்டு, அரசியலுக்கு "அவன் ஒரு கட்சி, இவள் ஒரு கட்சி" என்று இரண்டு கொடி நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் இரண்டு கிரிக்கெட் அணியைப் போட்டாலும் கதை நடக்கும் என்றால் அது அரசியல் நாவல் ஆகாது.

இரண்டு வீட்டுக்கும் ஒரு பழைய காயமோ பெருமையோ வேண்டும். புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தி 12 பேர் இறந்தார்கள், இன்றைக்கும் ஜூலை 30 வந்தால் கடலூர் ரோட்டில் செங்கொடியோடு அஞ்சலி நடக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததில், 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அவகாசம் தந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி எழுதிக் கொடுக்காமல் விட்டால் அங்கேயே இரண்டு உலகம் உண்டாகிவிடுகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' வீடுகளை இங்கே எல்லோருக்கும் தெரியும். சொல்தா வீட்டுப் பையனும் விடுதலை இயக்கத்துத் தியாகி வீட்டுப் பெண்ணும் என்று எடுத்தாலே தனி நாவல் வரும்.

நான் எடுத்தது மில். அந்துவானின் தாத்தா அந்த 1936 ஜூலையில் மில் வாசலுக்குள் இருந்தவர். தமிழரசியின் தாத்தா ஆற்றுப் பாசனத்தோடு மல்லுக்கட்டி நிலத்தைக் காப்பாற்றிப் பிறகு அரசியலுக்கு வந்தவர், தமிழ் மேல் உயிர், பேத்திக்குப் பெயர் வைத்ததே அவர்தான். இரண்டு பேரும் நியாயமான ஆட்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எதிர்க் கட்சி வீட்டைப் படிக்கும்போது வாசகனுக்கு "இந்த வீட்டில் பிறந்திருந்தால் நானும் இந்தக் கட்சிதான்" என்று தோன்ற வேண்டும். எனக்குக் கரைவேட்டிப் பக்கத்து வாதம் சரியாகப் பிடிபடாமல் நாலு மாதம் எழுதவே முடியவில்லை, அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரோடு அரியாங்குப்பத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் தமிழரசியின் அப்பா எனக்குக் கிடைத்தார்.

இரண்டாம் படி: அவர்களைப் பிரித்தது யார், எப்படி

கடிதம் தொலைந்தது, போன் நம்பர் மாறியது மாதிரி தற்செயலால் பிரிக்காதீர்கள். பிரிவும் அரசியல் வேலையிலிருந்தே வர வேண்டும், அப்போதுதான் பின்னால் அதே வேலை அவர்களைச் சேர்க்கும்போது சிரிப்பு வரும்.

என் கதையில் இரண்டு பேரும் வேறு வேறு மதம், அதனால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போகிறார்கள். அந்தச் சட்டத்தில் முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், 30 நாளுக்குள் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். 1996 ஏப்ரல், தேர்தல் நேரம். வேட்பாளருக்கு ஏதோ சான்றிதழ் வாங்கப் போன கரைவேட்டிக்காரர் ஒருவர் பலகையைப் படிக்கிறார். அதே பலகையை ஒரு தொழிற்சங்கத்துக்காரரும் படிக்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்தால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிற இரண்டு அப்பாக்களும், அன்றைக்கு சாயங்காலம் பாரதி பூங்கா ஆயி மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேனாவால் ஆட்சேபம் எழுதுகிறார்கள். அந்த இரண்டு கட்சியும் முதல்முறை கூட்டுச் சேர்ந்தது இந்தப் பிள்ளைகளைப் பிரிக்கத்தான். அந்த ஆட்சேபம் சட்டப்படி நிற்காது என்பது இரண்டு அப்பாக்களுக்குமே தெரியாது. பிள்ளைகளும் அது தெரியாமல் பயந்துபோய்க் கல்யாணத்தை விட்டுவிடுகிறார்கள். அந்துவானுக்குப் பின்னால் தெரிய வருகிறது, தொழிற்சங்கத்து வக்கீலிடம் வேறு ஏதோ வழக்குக்காகப் போன இடத்தில். அதற்குள் தமிழரசிக்குக் கடலூரில் கல்யாணம் ஆகிவிட்டது.

முன்கதையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம், ஒரு அத்தியாயம் போதும்.

மூன்றாம் படி: தேர்தல் அட்டவணையையே அத்தியாய அட்டவணையாக்குங்கள்

சட்டமே உங்களுக்குக் கதையின் எலும்புக்கூட்டைக் கொடுத்திருக்கிறது. அறிவிக்கை வெளியான ஏழாவது நாள் மனுத்தாக்கல் முடிகிறது. மறுநாள் பரிசீலனை. அதிலிருந்து இரண்டாவது நாள் வாபஸ் பெறக் கடைசி நாள், அன்றைக்குப் பிற்பகல் 3 மணியோடு கதவு மூடிவிடும். அதன் பிறகு குறைந்தது 14 நாள் கழித்துத்தான் வாக்குப்பதிவு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பு பிரச்சாரம் ஓய வேண்டும். அப்புறம் பூத், அப்புறம் எண்ணிக்கை.

இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே காதல் கதையில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பரிசீலனை நாளன்று, மனுவில் என்ன குறை என்று ஒருவர் தாளை ஒருவர் புரட்டும்போது, அவளுடைய கையெழுத்து மாறவே இல்லை என்று அவன் பார்க்கிறான். பிரச்சாரம் ஓய்ந்த 48 மணி நேரம், எல்லா மைக்கும் அடங்கிய தெருவில், பேசுவதற்கு வேறு சாக்கே இல்லாமல் இரண்டு பேரும் முதல்முறை நேரே பேசுகிறார்கள். இப்படித் தேதியே காட்சியைக் கொண்டுவந்து கொடுக்கும்.

நம்ம ஊர்க் கதைக்கு நடுத்தூண் கூட்டணி. இரண்டு கட்சிக்கும் திடீரென்று கூட்டணி அமைகிறது, இவர்கள் இரண்டு பேரையும் தொகுதிப் பொறுப்பாளராகப் போடுகிறார்கள். ஒரே ஜீப், ஒரே மைக், ஒரே ஃபிளாஸ்க் டீ. இருபத்தைந்து வருஷமாகச் சேரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டவர்களே இப்போது "இரண்டு பேரும் இணைந்து செயல்படணும்" என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அடுத்த திருப்பம் வாபஸ் நாள். தொகுதி யாருக்கு என்ற பேச்சு முடியாமல் இரண்டு கட்சியும் மனுப் போட்டிருக்கும், 3 மணி தாண்டியும் யாரும் வாபஸ் வாங்கவில்லை. மாநிலம் முழுக்கக் கூட்டணி, இந்த ஒரு தொகுதியில் மட்டும் 'நட்பு ரீதியான போட்டி'. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவருக்குக் கோடி புண்ணியம், உங்கள் காதலர்களின் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் உள்ள வித்தியாசத்தையும் கணக்கில் வையுங்கள். புதுச்சேரி சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் இடம் 30, 2021-ல் மொத்த வாக்காளர்கள் சுமார் 10 லட்சம், அப்படியென்றால் தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம்தான். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கு மேல் வந்தது. அதனால் இங்கே பொறுப்பாளருக்குத் தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் தெரியும், எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பது வரை தெரியும். ஒரு பழைய காதலை இவ்வளவு சின்ன தொகுதியில் ஒளித்துவைக்கவே முடியாது. கடலூரில் வைத்தால் கதையின் ஓட்டம் மாறும், அங்கே கூட்டம்தான் பலம், பத்தாயிரம் பேர் நடுவில் இரண்டு பேர் தொலையலாம். 2016-லும் 2021-லும் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது என்பதையும் பயன்படுத்தலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கச்சி வீட்டில் எதிரணி, இந்தப் பக்கம் கூட்டணி, நடுவில் ஆல்பேட்டையில் பறக்கும் படை ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கிறதா என்று கல்யாணச் சீர் கொண்டுபோகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிறது.

நான்காம் படி: எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்

காதல் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைத் தமிழில் 'நீ', 'நீங்க', 'டா', 'தோழர்', 'அம்மா' இவற்றை வைத்தே சொல்லிவிடலாம், வர்ணனை தேவையில்லை. கல்லூரி நாளில் அவள் அவனை 'டா' போட்டவள். இப்போது ஜீப்பில் பத்துப் பேர் நடுவில் 'நீங்க'. கட்சி ஆபீசில் 'பொறுப்பாளர்'. கோபம் வந்தால் மட்டும் வாய் தவறி 'டா' வருகிறது, சுற்றி இருக்கிறவர்கள் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறார்கள்.

மேடையில் இன்னும் சங்கடம். செயல்வீரர்கள் கூட்டம் நடக்கும் இடத்தில் கூட்டணிக் கட்சிப் பெண் நிர்வாகியை எப்படி விளிப்பது என்று எழுதாத விதியே இருக்கிறது: 'அன்புச் சகோதரி'. அந்துவான் வரவேற்புரை. கையில் பெயர்ப் பட்டியல். நான் எழுதியது இப்படி:

"மகளிரணி நிர்வாகி, அன்புச் சகோதரி... தொகுதித் துணைச் செயலாளர், அன்புச் சகோதரி..." என்று ஐந்து பேரைத் தங்கு தடையில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தவன் ஆறாவது பேரில் நின்றான். மைக்கில் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் குடித்தான். பட்டியலை மறுபடி முதலிலிருந்து பார்த்தான். "தொகுதிப் பொறுப்பாளர், தோழர் தமிழரசி அவர்களே!"

கீழே சிவப்புத் துண்டுக்காரர்கள், புதிதாக ஒருவர் நம்ம கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கரைவேட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேடையில் தமிழரசி தலையைக் குனிந்துகொண்டு மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள், சிரிப்பை அடக்க அவளுக்கு அது பழைய பழக்கம். அவளுடைய முறை வந்தபோது அவளும் அவனைச் சகோதரர் என்று சொல்லவில்லை. "எனக்கு முன்னால் பேசியவர்" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

இந்தக் காட்சியில் யாரையும் நான் முட்டாளாக்கவில்லை. அவன் ஒரு வார்த்தையை மனசாட்சிக்கு விரோதமாகச் சொல்ல மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான். அது அவனுடைய கொள்கைப் பிடிப்புதான், மில் வாசலில் நின்ற அதே பிடிப்பு. நகைச்சுவை நாவலில் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்: ஆட்கள் முழு மனதோடு ஒன்றைச் செய்கிறார்கள், அதைச் செய்ய வேண்டிய இடம்தான் பொருந்தாமல் இருக்கிறது.

பேச்சு வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுச்சேரி என்றதும் எல்லோர் வாயிலும் 'இன்னா' போட்டுவிடாதீர்கள். மில் தெருவில் ஒரு பேச்சு, பாகூரில் ஒரு பேச்சு, மேடையில் இரண்டு பேருக்குமே மூன்றாவது பேச்சு. 'கொம்யூன்' (உள்ளாட்சிப் பிரிவு), 'மேரி கட்டடம்' (நகராட்சிக் கட்டடம்) மாதிரி இங்கே புழங்குகிற பிரெஞ்சுச் சொற்கள் தானாக வந்தால் வரட்டும், ஊர் மணம் காட்டுவதற்காகத் தூவ வேண்டாம்.

ஐந்தாம் படி: கொள்கையைப் பேச விடாதீர்கள், வேலை செய்ய விடுங்கள்

இரண்டு பேரும் உட்கார்ந்து அரசியல் வாதம் செய்கிற பக்கங்களை நான் முதல் பிரதியில் நாற்பது பக்கம் எழுதி, அத்தனையும் எடுத்துவிட்டேன். கட்சிக்காரர்கள் நேரில் அவ்வளவு கொள்கை பேசிக்கொள்வதில்லை. சுவர் பிடிக்கிறார்கள், கொடி கட்டுகிறார்கள், ஆரத்தித் தட்டுக்கு ஏற்பாடு செய்கிறார்கள், பூத் சிலிப் பிரிக்கிறார்கள், மைக் செட்டுக்காரரோடு பாக்கிக்காகச் சண்டை போடுகிறார்கள். யாராவது ஒரு பழைய கட்சிக்காரரிடம் "சுவர் எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். சுண்ணாம்பு அடித்து ஓரத்தில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது, மற்றவர் தொடக் கூடாது. நெல்லித்தோப்பில் ஒரே சுவரை இருபது வருஷமாக மாற்றி மாற்றிப் பிடித்த இரண்டு கட்சியும் இப்போது ஆளுக்குப் பாதி எழுத வேண்டும் என்றால், நடுக்கோடு எங்கே என்பதற்கே ஒரு அத்தியாயம் தரலாம்.

எல்லா வேலையிலும் காதலுக்கு மிகவும் உதவியது வாக்காளர் பட்டியல். அதில் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் இருக்கும், அதோடு தந்தை பெயரோ கணவர் பெயரோ இருக்கும். தமிழரசி வீடு மாறி இந்தத் தொகுதிக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அந்துவான், இரவு பதினொரு மணிக்கு, மேல் தளத்தில் டியூப் லைட் போட்டுக்கொண்டு, பாகம் பாகமாகப் புரட்டுகிறான். வெளியே கேட்டால் இறந்தவர்கள் பெயரை நீக்கப் படிவம் 7 நிரப்புகிறேன் என்று சொல்வான், உண்மையாகவே பக்கத்தில் நாலு படிவம் நிரப்பியும் வைத்திருக்கிறான். கடைசியில் அவள் பெயர் வருகிறது. கீழே 'தந்தை பெயர்' என்று இருக்கிறது. கணவர் பெயர் இல்லை. அன்றைக்கு அவன் தூங்கவில்லை.

அது எப்படி வந்தது என்பது ஆறு அத்தியாயம் தள்ளித்தான் தெரியும். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரை மாற்றச் சொல்லி எந்தப் படிவமும் கொடுக்கவே இல்லை, கணவர் இருந்தபோதும் அப்படித்தான், அவர் போன பிறகும் அப்படித்தான். அப்பா பெயர் என்னோடு இருக்கட்டும் என்று அவள் எடுத்த முடிவு அது, அந்துவானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் தவறாகப் படித்ததால் சிரிப்பு, அவள் ஏன் மாற்றவில்லை என்று தெரியும்போது வேறு ஒரு உணர்ச்சி. வாசகனுக்கு இரண்டும் ஒரே வரியிலிருந்து கிடைக்கிறது.

இன்னொன்று, இறந்துபோன கணவரையும் உயிரோடிருக்கும் மனைவிகளையும் கெட்டவர்களாக்காதீர்கள். தமிழரசியின் கணவர் நல்ல மனிதர், கடலூர் முதுநகரில் கடை வைத்திருந்தவர், அரசியலே பிடிக்காதவர். அவரைப் பற்றி அவள் பேசும் இடங்களில் அந்துவான் குறுக்கே பேசாமல் கேட்கிறான். அவர்கள் மேல் எனக்கே நம்பிக்கை வந்தது அந்த இடங்களில்தான்.

ஆறாம் படி: பூத் அத்தியாயம்

இதற்காகத்தான் மற்ற எல்லாம். எவ்வளவு பக்கம் ஆனாலும் ஆகட்டும்.

என் அப்பா மூன்று தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர், நானும் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் போகாதவர்களுக்கு அதன் நெருக்கம் தெரியாது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் பெஞ்ச், முட்டி இடிக்கும். எதிரெதிர் வேட்பாளர்களின் ஏஜென்டுகள் பக்கத்துப் பக்கத்தில் விடியலிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வேண்டும். அங்கீகாரம் பெற்ற தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, அப்புறம் மற்றவர்கள் என்று உட்காரும் வரிசைக்குக்கூட விதி இருக்கிறது, அதனால் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. போன் கொண்டுபோகக் கூடாது. இப்படி ஒரு அறையில் இரண்டு பழைய காதலர்களைப் பன்னிரண்டு மணி நேரம் உட்காரவைக்க வேறு எந்தக் கதையாலும் முடியாது, தேர்தல் ஆணையத்தால் முடியும்.

வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு, எல்லா வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் விழ வேண்டும், ஏஜென்டுகளே பொத்தானை அழுத்துவார்கள். அதாவது அந்துவான் தன் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கட்சிச் சின்னத்தை அழுத்த வேண்டிய நேரம். அழுத்தினால், எந்தச் சின்னத்துக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி அந்தச் சீட்டு தெரியும். அந்த 7 விநாடியை நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அவன் தாத்தா, அப்பா, தொழிற்சங்கம், ஜூலை 30 எல்லாம் அதில் வந்து போகிறது, சீட்டு அறுந்து விழுகிறது, பக்கத்தில் தமிழரசி, "என்னங்க, கை நடுங்குது?" என்கிறாள்.

மாதிரி ஓட்டுகளை எண்ணிச் சரிபார்த்து, இயந்திரத்தில் அழித்துவிட்டு, பச்சைத் தாள் முத்திரை வைப்பார்கள். அதில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்துப் போடுவார், ஏஜென்டுகளும் போடலாம். அவன் போடுகிறான். அதற்குக் கீழே அவள் போடுகிறாள். ஒரு அரசு அதிகாரி முன்னிலையில், சாட்சிகளோடு, ஒரே தாளில். 1996-ஐ இந்த இடத்தில் நீங்கள் ஞாபகப்படுத்தாதீர்கள், வாசகனே போய்ச் சேருவான். நான் முதலில் "அன்றைக்குப் போட வேண்டிய கையெழுத்து" என்று ஒரு வரி எழுதியிருந்தேன், எடுத்த பிறகுதான் காட்சி உயர்ந்தது.

மதியம் கொஞ்சம் தளர்த்துங்கள். தயிர்சாதப் பொட்டலம் வரும், எந்தக் கட்சியிலிருந்து வந்தாலும் பெஞ்சில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள், ஊறுகாய் ஒரு பக்கம் இருந்தால் அப்பளம் இன்னொரு பக்கம். பட்டியலில் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே பேசுவார்கள், பேச்செல்லாம் வாக்காளர்களைப் பற்றியே இருக்கும், ஆனால் பேசுவது வேறு. "இந்த 214 இன்னும் வரலையே." "வருவாரு. லேட்டாத்தான் வருவாரு. சிலர் இருபத்தஞ்சு வருஷம்கூட லேட்டா வருவாங்க."

உச்சம் இரண்டு ரூபாயில் இருக்கிறது. ஓட்டுப் போட வந்தவர் பட்டியலில் உள்ள அதே ஆள் இல்லை என்று ஏஜென்டுக்குத் தோன்றினால் ஆட்சேபிக்கலாம், 'சேலஞ்ச் ஓட்டு' என்பார்கள், அதற்கு ஒவ்வொரு முறையும் 2 ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் விசாரித்து முடிவு செய்வார். பொய்யாகத் தொல்லை கொடுக்கச் செய்த ஆட்சேபம் என்றால் காசு அரசுக்குப் போய்விடும், இல்லையென்றால் திரும்பக் கிடைக்கும். மாலை நாலரை மணிக்கு, கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அந்துவான் தன் ஓட்டைப் போட எழுந்து போகிறான். தமிழரசி மணிபர்ஸைத் திறந்து இரண்டு ரூபாய் நாணயத்தை மேசையில் வைக்கிறாள்.

"சார், இவர் அந்துவான்தானான்னு எனக்குச் சந்தேகம்."

காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆள் என்று தலைமை அலுவலர் சொல்லிப் பார்க்கிறார். "எனக்குத் தெரிஞ்ச அந்துவான் பயந்துபோய் ஓடினவர் சார். இவர் வேற ஆளா இருக்காரு." விதிப்படி விசாரிக்க வேண்டும், விசாரிக்கிறார். அப்பா பெயர், வீட்டு எண், வயது. அந்துவான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறான், அவளைப் பார்த்துக்கொண்டே. மற்ற ஏஜென்டுகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

ஏழாம் படி: ஊரை எங்கே வைப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர் வீடுகளும் சுற்றுலாக்காரர்களுக்கு, உங்கள் ஆட்கள் அங்கே கட்சி ஊர்வலத்துக்கு மட்டும் போவார்கள். இரண்டு இடத்தை மட்டும் கட்டாயம் வையுங்கள் என்பேன். ஒன்று வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர், ஆடி ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் இன்றைக்கும் துணைநிலை ஆளுநர், முதல்வர் என்று தொடர்கிறது, ஒரே வடத்தை எல்லாக் கட்சிக்காரரும் பிடிக்கிறார்கள். இன்னொன்று தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் நடக்கும் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரச் சாமியெல்லாம் ஆற்றுக்கு வரும், மணலில் சிறுவள்ளிக் கிழங்கைக் குவித்து வைத்து விற்பார்கள், அந்தக் கிழங்கை வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். கல்லூரி நாளில் அவர்கள் முதலில் பேசிக்கொண்டதை நான் அங்கேதான் வைத்தேன், அவிக்காத கிழங்கின் மண் வாசனை அவள் துப்பட்டாவில் இருந்தது என்று ஒரு வரியோடு.

எட்டாம் படி: தொடக் கூடாதவை

யாரையும் கட்சி மாற்றாதீர்கள். கடைசியில் ஒருவர் மற்றவர் கட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் வாசகன் ஏமாந்துபோவான், இருபத்தைந்து வருஷப் பிடிப்பு ஒரு சால்வையில் முடிந்ததாகிவிடும். அவன் சிவப்புத் துண்டோடும் அவள் கரைப் புடவையோடும் சேர வேண்டும், வாசல் தூணில் இரண்டு கொடி பறக்கட்டும்.

உயிரோடிருக்கும் தலைவர்களைப் பாத்திரமாக்காதீர்கள், கட்சிப் பெயரும் வேண்டாம். துண்டு, கரை, மேடையில் கூப்பிடும் சொல், இவை போதும், நம்ம வாசகர்களுக்கு மிச்சம் தானாகத் தெரியும்.

தொண்டனைக் கேலி செய்யாதீர்கள். வெயிலில் கொடி கட்டுகிறவனுக்கு அந்தக் கொடி உண்மையானது.

கடைசிப் படி: இரண்டு பக்கத்துக்கும் படித்துக் காட்டுங்கள்

பிரதி முடிந்ததும் இலக்கிய நண்பர்களிடம் கொடுப்பதற்கு முன், இரண்டு கட்சியிலும் ஆளுக்கு ஒருவரிடம் கொடுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே முகம் சுருங்கியது என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கத்தார் மட்டும் சிரிக்கிற அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும். எனக்கு அப்படி மூன்று அத்தியாயம் திரும்ப வந்தது.

மூன்றாவதாக ஒருவரிடமும் கொடுங்கள், தேர்தல் வேலை பார்த்த ஒரு அரசு ஊழியர். நான் கொடுத்தவர் ஓய்வு பெற்றவர், பல தேர்தலில் தலைமை அலுவலராக இருந்தவர். பூத் அத்தியாயத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தார். சிரிக்கவே இல்லை. முடித்துவிட்டு, "இரண்டு ரூபாய் வாங்கினாரே, ரசீது கொடுத்தாரா?" என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். "ரசீது புத்தகம் குடுத்துத்தான் அனுப்புவாங்க. காசு வாங்கினா ரசீது குடுக்கணும் தம்பி, அது இல்லாம எப்படி?"

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து ரசீதைச் சேர்த்தேன். அவள் பெயரில் ரசீது, தொகை ரூபாய் இரண்டு, அலுவலர் கையெழுத்து. எண்ணிக்கை முடிந்து நாலாவது நாள் காலையில் அந்துவான் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தமிழரசி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கதவைத் திறந்தவளிடம் அவன் முதலில் கேட்பது, "அந்த ரசீதை வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன். உள்ள வாடா."